புதர்க்குன்று வீட்டில் ஒரு பாதம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. சன்னிவேலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தாஜ் நிஷா வீட்டு பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றபோது கிடைத்தது. மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்தவன் நான். ஊரில் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியே வீடு கட்டியவன். அமெரிக்காவில் எனக்கு இருந்த ஒரே வேலை, கூப்பிட்ட வீட்டில் போய்ச் சாப்பிடுவது.

"அங்கிள், நீங்க மர்மக் கதை எழுதறவராமே," என்றாள் நிஷா. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. எழுதிக்கோங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லும்மா."

"யாரும் சாகக் கூடாது."

தட்டில் இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தில் பிணம் விழவில்லையென்றால் எங்கள் ஆசிரியர் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிடுவார்.

"ஒரே ஒருத்தர்?"

"கூடாது."

"கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாட்ச்மேன்?"

"அங்கிள்."

"நாய்?"

"நாயும் கூடாது. கதையில வர்ற மிஸஸ் ஹான்சன் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க. ஆபரேஷன் முடிஞ்சு நல்லா நடமாடறாங்க. நீங்க பாட்டுக்கு ஏதாவது எழுதி வச்சீங்கன்னா எனக்கு மனசு அடிச்சுக்கும்."

அவள் கணவன் அன்வர் பாட்சா தயிர்ப் பச்சடியைக் கலக்கியபடி சொன்னான்: "விடுங்க சார். வேணும்னா என் தலையில ஒரு கட்டு போட்டுக்குங்க. உயிருக்கு ஆபத்து இல்லாம."

"மச்சான், நீங்க வெங்காயத்தைப் பாருங்க."

ஆகவே வாசகரே, மிஸஸ் ஹான்சன் பிழைத்துவிட்டார் என்பது உங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. என் தொழிலில் இது தற்கொலை. (பார்த்தீர்களா, வாயில் அந்த வார்த்தைதான் வருகிறது.) அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நிஷா ஒரு பொய் சொன்னாள். அது பிடிபட்டதா இல்லையா என்பது எனக்குக் கதை சொன்ன அன்று அவளுக்கே தெரியாது. அதற்காகப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"பனி மூடிய டென்மார்க் காட்டின் நடுவே, அந்த ஓலைக்கூரை வீட்டின் கதவு கிரீச்சென்று தானாகத் திறந்தது. உள்ளே

நிஷாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "ஜூலை மாசம் அங்கிள். பனியே கிடையாது. கதவும் கிரீச்சுனு சொல்லல, எண்ணெய் போட்டு நல்லா வச்சிருந்தாங்க," என்றாள்.

இரண்டாம் தொடக்கம்:

"கோட்டுப் பைக்குள் மூன்று செல்போன்கள். நெற்றியில் வியர்வை. அன்வர் பாட்சா விமானத்தை விட்டு இறங்கியபோது அவனை யாரோ

இதற்கு அன்வரே போன் செய்தான். "சார், நான் செல்போன் டெஸ்ட் பண்ற எஞ்சினியர். மூணு போன் இருந்தது நிஜம்தான். ஆனா என் பேரையும் மூணு போனையும் வேர்வையையும் ஒரே வரியில போடாதீங்க. இது ரெண்டாயிரத்து நாலு. நான் இன்னும் கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றேன்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொன்னான். அந்த வரியை அடித்துவிட்டேன். பாதியில் நிற்பதை மட்டும் உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம் சாதாரணமானது. அதுதான் நின்றது.

3

மிஸஸ் ஹான்சன் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றார்.

சன்னிவேலில் அது ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுவில் ஒரு மெல்லிய சுவர். இந்தப் பக்கம் நிஷாவும் அன்வரும். அந்தப் பக்கம், எழுபத்தெட்டு வயது மிஸஸ் ஹான்சன், தனியாக. நிஷாவின் விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து எம்.எஸ்ஸி. முடித்து வந்தவள், பகல் முழுக்க வீட்டில். மிஸஸ் ஹான்சனுக்குக் கார் ஓட்டக் கண் ஒத்துழைக்கவில்லை. ஆக இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கடைக்கு, நூலகத்துக்கு, டாக்டரிடம் எல்லாம் நிஷாதான் டிரைவர். (இருவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன். மிஸஸ் ஹான்சனைத் தமிழ் பேசவைத்த பாவம் என்னுடையது.)

அந்தச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்வர் வீட்டில் தொழும்போது அடுப்பில் பால் பொங்கினாலோ, வாசல் மணி அடித்தாலோ, தொழுகையை விட்டு அவன் பேச முடியாது. அதனால் அடுத்து வரும் "அல்லாஹு அக்பர்" மட்டும் ஒரு மாடி உயரத்துக்குப் போகும். நிஷா எங்கே இருந்தாலும் ஓடி வந்து அடுப்பை அணைப்பாள். முஸ்லிம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிஸஸ் ஹான்சன் ஒருநாள் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுப் பதறி, வந்து விசாரித்தார். நிஷா சொன்னாள். அதற்கப்புறம் சத்தம் கேட்டால் அவரே சுவரைத் தட்டி, "நிஷா, பால்," என்பார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பழக்கம், சொல்லிவிடுகிறேன்.

இதய வால்வு பழுது. மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். மிஸஸ் ஹான்சன் கேட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் காரில் நிஷாவிடம் சொன்னார்: "எங்கள் அம்மா டென்மார்க்கில் பிறந்தவள். ரெபில்ட் குன்றுகளில், காட்டோரமாக ஒரு குடிசை. ஏழு வயதில் அவளை ஆடு மேய்க்க வேறு பண்ணைக்கு அனுப்பினார்கள். போவதற்கு முந்தின நாள், வீடு தன்னை மறந்துவிடக் கூடாது என்று, உள்ளே ஏதோ ஒரு மரப்பலகையில் தன் காலை வைத்து ஆணியால் சுற்றிக் கீறினாளாம். என் அண்ணன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கதை விடுகிறாள் என்றார்கள். நான் ஒருத்திதான் நம்பினேன். அந்த வீட்டை இப்போது பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். போகணும் போகணும் என்றே இருந்துவிட்டேன். இப்போது விமானம் ஏறக் கூடாது என்கிறார் டாக்டர்."

"ஆபரேஷன் முடிஞ்சு போகலாம்."

"மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா தெரியாது. முட்டாளாகத்தான் நம்பினேனா என்று தெரியாமல் நான் படுக்கப் போவதில்லை. அந்தப் பாதம் இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லட்டும். சொன்னால் அந்த நிமிஷமே என்னைத் தள்ளிக்கொண்டு போகலாம்."

அடம். வயதானவர்களின் அடம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

இங்கே ஒரு தற்செயல். அதே ஜூலையில் அன்வரின் கம்பெனி அவனை டென்மார்க்கின் ஆல்போர் நகரத்துக்கு அனுப்பியது, அங்கே உள்ள செல்போன் கோபுரங்களில் அவர்கள் போன் வேலை செய்கிறதா என்று பார்க்க. ஆல்போரிலிருந்து ரெபில்ட் அரை மணி நேர டிரைவ். ஒரு தொடர்கதைக்கு ஒரு தற்செயல்தான் அனுமதி. என் பங்கை இங்கேயே செலவழித்துவிட்டேன்.

நிஷாவும் கூடக் கிளம்பினாள். டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து பறந்து வந்திருந்த மிஸஸ் ஹான்சனின் மகன் எரிக், வாசலில் அவளை நிறுத்தினான்.

"என் அம்மா உயிர் பிழைப்பதை வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டுப் பெண் முடிவு செய்யப் போகிறாளா?"

நிஷா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். விமானத்தில் ஏறிய பிறகு ஏழெட்டு நல்ல பதில்கள் வந்தன.

4

குன்றுகள் எப்படி இருந்தன என்று கேட்டேன். ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தன என்று ஏற்கெனவே ஒரு பாரா எழுதி வைத்திருந்தேன்.

"இல்ல அங்கிள். முட்டளவு குத்துச் செடி. அது ஆகஸ்ட்லதான் பூக்குமாம். நாங்க போனப்ப பழுப்பும் பச்சையுமா, தலை வாராத மாதிரி இருந்துச்சு."

தலை வாராத குன்றுகள். என் ஊதாப் பாராவைவிட இது மேல்.

குன்றுகளுக்கு நடுவே பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் காடு. எங்கும் அமெரிக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன டேனிஷ்காரர்கள் இந்தக் குன்றுகளை வாங்கித் தாய்நாட்டுக்கே கொடுத்தார்களாம். ஆண்டுதோறும் ஜூலை நான்காம் தேதி இங்கே கொண்டாட்டம். இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள்ளேயே நட்சத்திரக் கொடி போட்ட டை கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கலிபோர்னியாவிலிருந்தா?" என்று அவர் அன்வரைக் கேட்டார். "அடடா, நம்ம ஊர்."

அன்வருக்குச் சிரிப்பு வந்தது. விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவர்கள் யாரும் அவனை நம்ம ஊர் என்று சொன்னதில்லை.

வீடு குள்ளமானது. புல் வேய்ந்த கூரை காதுவரை இறங்கியிருந்தது. வாசலில் அன்வர் குனிந்து போனான். நிஷாவுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரே அறை. மண் தரை. ஒரு மூலையில் அடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு துடைப்பம். எதிர்ச் சுவருக்குள் அலமாரி மாதிரி செருகிய கட்டில். அவ்வளவுதான். ஒன்பது பேர் வாழ்ந்த வீடு என்றாள் கிர்ஸ்டன். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி. சிவந்த கன்னம், பெரிய குரல்.

"பாதமா?" என்றாள் கிர்ஸ்டன். "இங்கே மரம் என்று இருப்பது கதவு, உத்தரம், கட்டில், ஒரு பெஞ்சு. எல்லாவற்றையும் துடைப்பது நான். அப்படி எதுவும் கிடையாது, கண்ணே."

நிஷா கதவைத் தடவினாள். உத்தரத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். பெஞ்சைக் கவிழ்த்தாள். கட்டிலுக்குள் தலையை விட்டுப் பலகை பலகையாகப் பார்த்தாள். கத்தி வெட்டுகள், புழு அரித்த பொட்டுகள், யாரோ தங்கள் காதலைப் பொறித்த நவீன காலத்துக் கீறல் ஒன்று. பாதம் இல்லை.

"மச்சான், இல்ல."

"நல்லாப் பாரு."

"எத்தனை தடவை பாக்கறது? இருக்கறதே நாலு மரம்."

கலிபோர்னியாவில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம். மிஸஸ் ஹான்சனை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிப்போகும் படுக்கையில் ஏற்றியிருப்பார்கள். கையில் போனுடன் எரிக். நிஷா கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

5

மழை பிடித்துக்கொண்டது.

(இந்த மழை நான் வரவழைத்ததல்ல. நிஷா சொன்னது.)

டை கட்டிய பெரியவரும் இன்னும் சிலரும் கூரை விளிம்பில் வெளியே ஒதுங்கினார்கள். அன்வர் தொழ வேண்டும், நேரம் போய்க்கொண்டிருந்தது. புல்வெளி முழுக்க ஈரம். அவன் தயங்கித் தயங்கிக் கிர்ஸ்டனைக் கேட்டான்.

"கடவுளைக் கும்பிடவா? இந்த வீட்டில் கும்பிடாத நாளே இருந்திருக்காது. தாராளமாக," என்றாள் அவள். பார்வையாளர்கள் உள்ளே வராமல் இருக்கக் கதவின் குறுக்கே ஒரு கயிற்றையும் கட்டினாள்.

"வடக்கு எந்தப் பக்கம்?"

கிர்ஸ்டன் கட்டில் இருந்த சுவரைக் காட்டினாள். அன்வர் அந்தப் பக்கம் திரும்பி, அதிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, கட்டிலுக்கு முன்னால் தன் ஜாக்கெட்டை விரித்தான். பயணத்தில் இருப்பவனுக்கு நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று, இரண்டாகச் சுருங்கும். சின்னத் தொழுகை. கட்டினான் கையை.

நிஷாவுக்கு அது தொழுகை விலக்கான மாத நாட்கள். அவள் கயிற்றுக்கு அருகே வாசற்படியில் நின்றாள். அந்த வீட்டில் வாசற்படியில் மட்டும்தான் சிக்னல் இருந்தது. உள்ளே ஒரு அடி வைத்தால் போன் செத்துவிடும். (இந்தச் சாவுக்கு நிஷா அனுமதி கொடுத்தாள்.)

அவள் மனத்தில் என்ன ஓடியது என்று எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. 'தர்மமா, பாசமா என்ற போராட்டம்' என்று எழுதினேன். கேவலமாக இருந்தது. நிஷாவையே கேட்டேன்.

"போராட்டமெல்லாம் இல்ல அங்கிள். இல்லைனு சொன்னா அவங்க வீட்டுக்குத் திரும்பி வந்துடுவாங்க. வந்தா ஒரு மாசம் தாங்குவாங்களான்னு தெரியாது. இருக்குனு சொன்னா உள்ள போவாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? பயம்தான் இருந்துச்சு. எனக்குப் பொய் சொன்னா குரல் மெலிஞ்சுடும்."

நம்பரை அழுத்தினாள்.

"சொல்லு," என்றான் எரிக். பிறகு மிஸஸ் ஹான்சனின் குரல், மிகச் சின்னதாக: "நிஷா?"

"பாத்துட்டேன்," என்றாள் நிஷா. "இருக்கு. உங்க அம்மா சொன்னது உண்மை."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. நீளமான மூச்சு. நிஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

"எந்தக் கால்?" என்றார் மிஸஸ் ஹான்சன்.

6

ஊராக இருந்தால் இந்த இடத்தில் கோடு போட்டு நிறுத்திவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நிம்மதியாகத் தூங்குவேன். இங்கே அந்த வசதி இல்லை. தொடர்கிறேன்.

"என்ன?" என்றாள் நிஷா.

"இடதா வலதா? அம்மா எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். அண்ணன்களிடம்கூடச் சொல்லவில்லை. எந்தக் கால், நிஷா?"

இரண்டில் ஒன்று. சரியாகச் சொன்னால் ஆபரேஷன். தவறாகச் சொன்னால், ஆபரேஷனும் போச்சு, நிஷாவின் சொல்லும் போச்சு. தெரியவில்லை என்றால் பார்த்தேன் என்றது பொய்.

அவளுக்கு முன்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம், அன்வர் ஸஜ்தாவில் இருந்தான். நெற்றி தரையில்.

இனி அன்வர் பக்கம். முதல் ஸஜ்தாவிலிருந்து தலையைத் தூக்கும்போது, கட்டிலுக்கு அடியில் இருந்த இடுக்கு அவன் கண்ணுக்கு நேராக வந்தது. கதவு வழியாகத் தாழ்வாக விழுந்த மழை வெளிச்சம் அந்த இடுக்குக்குள் போய், பின்சுவரோடு ஒட்டிய பலகையில் பட்டது. பலகையில் ஒரு வளைவு. அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். தொழுகையில் வேடிக்கை பார்க்கக் கூடாது. இரண்டாவது ஸஜ்தாவிலிருந்து எழும்போது விலக்க முடியவில்லை. வளைவின் மேலே வரிசையாக ஐந்து குமிழ்கள்.

நின்றவர்கள் பார்த்த வீட்டில் அது இல்லை. குனிந்தவர்கள் பார்த்த வீட்டிலும் இல்லை. கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு, மறுநாள் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த ஒரு ஏழு வயதுப் பெண் அதைக் கீறியிருக்கிறாள். அவள் உயரத்துக்கு நெற்றியைத் தரையில் வைத்தவன் அன்வர் ஒருத்தன்தான்.

அவனுக்குப் பின்னால் நிஷா போனில் திக்குவது கேட்டது. "அது வந்து... அது..." அவள் குரல் மெலிந்துகொண்டிருந்தது. அந்த மெலிவு அவனுக்குத் தெரியும்.

அவன் பேச முடியாது.

அடுத்த முறை எழுந்தபோது தக்பீர் அவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது.

"அல்லாஹு அக்பர்."

கூரையில் பெய்த மழை ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது என்றாள் நிஷா. வெளியே ஒதுங்கியிருந்தவர்களின் பேச்சு உண்மையாகவே நின்றது.

(* இந்த இடத்தில் என் கை தானாக எழுதியது: 'டை கட்டிய பெரியவரின் முகம் வெளுத்தது. யாரோ ஓடினார்கள். யாரோ போனை எடுத்தார்கள். காட்டுப் பாதையில் போலீஸ் வண்டியின் சைரன்' இத்தோடு நிறுத்திவிட்டேன். நல்ல அத்தியாயம். நான்கு வாரம் ஓட்டலாம். அப்படி நடந்திருக்கவும் கூடும். அந்த வருடத்தில் எங்கேயாவது, யாருக்காவது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்று அங்கே நடக்கவில்லை. அன்வரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஏன் அதை ஆசைப்பட வேண்டும்?)

நடந்தது இது. டை கட்டிய பெரியவர் கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கிர்ஸ்டன் அவர் நெஞ்சில் கையை வைத்து, "ஜெபம் நடக்கிறது," என்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அவ்வளவுதான்.

நிஷாவுக்கு மட்டும் தெரிந்தது, பால் பொங்குகிறது என்று. இங்கே எரியாத அடுப்பில், இல்லாத பால். ஏதோ இருக்கிறது. போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம், மிஸஸ் ஹான்சன். சிக்னல் விட்டு விட்டு வருது."

அன்வர் கடைசி இருப்பில் உட்கார்ந்தான். ஓத வேண்டியதை ஓதினான். உலகத்தில் எந்த மனிதனும் அதை அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு ஒழுங்காகவும் ஓதியிருக்க மாட்டான். வலப்பக்கம் ஸலாம். இடப்பக்கம் ஸலாம். தொழுகை முடிந்தது.

"கட்டிலுக்கு அடியில," என்றான். "பின்பலகை. பெருவிரல் வலது பக்கம் இருக்கு. அப்படின்னா இடது கால். நிஷா, இடது கால்."

"இடது," என்றாள் நிஷா போனில். இந்த முறை அவள் குரல் மெலியவில்லை. "இடது கால், மிஸஸ் ஹான்சன். கட்டிலுக்கு அடியில. ரொம்பச் சின்னக் கால்."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் தள்ளி, வேறு யாரிடமோ, மிஸஸ் ஹான்சனின் அதிகாரக் குரல்: "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? தள்ளுங்கள்."

கிர்ஸ்டன் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து டேனிஷ் மொழியில் ஏதேதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

7

எல்லாம் அடங்கிய பிறகு நிஷா அன்வர் விரித்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"மச்சான். நீங்க ஏன் வடக்குப் பாத்துத் தொழுதீங்க?"

"கிப்லா அப்படித்தானே. வடக்குல இருந்து கொஞ்சம் வலப்பக்கம்."

"அது சன்னிவேல்ல. நாம டென்மார்க்ல இருக்கோம். இங்கேருந்து மக்கா தென்கிழக்கு."

அன்வர் கீழே கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தான். நான்கு வருடமாகக் கலிபோர்னியாவில் தினம் ஐந்து வேளை திரும்பிய உடம்பு, கேட்காமலே திரும்பியிருக்கிறது. மேற்கைப் பார்த்துத் தொழுது வளர்ந்தவன், சன்னிவேலில் வடகிழக்கைப் பழகி, அதையே மூட்டை கட்டி டென்மார்க்குக் கொண்டுவந்துவிட்டான்.

"செல்போன் கோபுரம் எங்க இருக்குனு மட்டும் கரெக்டா கண்டுபிடிக்கறீங்க," என்றாள் நிஷா.

அவன் ஜாக்கெட்டை எடுத்து, தென்கிழக்கே விரித்து, முதலிலிருந்து தொழுதான். சரியான திசையில் அடுப்பும் துடைப்பமும் மட்டும் இருந்தன.

(* இரண்டாவது தற்செயல் என்று சண்டைக்கு வராதீர்கள். இது தவறு. தவறுகளுக்குத் தொடர்கதையில் வரம்பு கிடையாது.)

8

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எரிக் ஃபிரிஸ்கோவுக்குத் திரும்பும் முன் நிஷாவின் கதவைத் தட்டி ஒரு பூச்சட்டியைக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, பூச்சட்டியை எந்த ஜன்னலில் வைக்க வேண்டும் என்று மட்டும் மிக விரிவாகச் சொன்னான். நிஷாவுக்கு அது போதுமாக இருந்தது.

போதாதது ஒன்றுதான். "பாத்துட்டேன்னு நான் முதல்ல சொன்னப்ப பாக்கல அங்கிள். அவங்களுக்குத் தெரியுமா? ஒரு வருஷம் ஆச்சு. அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. சமோசா கொடுக்கறப்பகூட நெஞ்சுல ஒரு முள் மாதிரி இருக்கு."

இதற்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன். முதலாவதில் நிஷா எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். மிஸஸ் ஹான்சன் கட்டிக்கொள்கிறார். தேன் வழிந்தது, கிழித்தேன். இரண்டாவதில் கிர்ஸ்டன் சன்னிவேலுக்கு வந்து உண்மையை உடைக்கிறாள். அவளுக்கு விசா வாங்கவே ஒரு அத்தியாயம் ஆனது. மூன்றாவதில் மிஸஸ் ஹான்சன்... வேண்டாம். சத்தியம் செய்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் போன சனிக்கிழமை, முடிவு இல்லாத இந்தக் கதையோடு நிஷா வீட்டுக்குப் போனேன். மிஸஸ் ஹான்சன் அங்கேதான் இருந்தார், டீ குடித்துக்கொண்டு.

"என்னைப் பற்றி எழுதுகிறாராமே," என்றார் என்னைக் காட்டி. "படித்துக் காட்டச் சொல். நீ இங்கிலீஷில் சொல்லு."

நான் ஒரு வரி படிக்க, நிஷா ஒரு வரி சொன்னாள். வாட்ச்மேனுக்கு மிஸஸ் ஹான்சன் சிரித்தார். எரிக் வாசலில் நின்று பேசியதற்கு முகம் சிவந்தார். தலை வாராத குன்றுகள் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மழை வந்தது. போன் வந்தது. நான் படித்தேன்:

"'பாத்துட்டேன்,' என்றாள் நிஷா."

நிஷா சொல்லவில்லை.

அடுத்த வரியைப் படிக்கலாமா என்று அவளைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்தாள். ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும், கதை வழுக்கிக்கொண்டு போய்விடும். மிஸஸ் ஹான்சனுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். அன்வர் பச்சடிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் அப்படியே நின்றான்.

மிஸஸ் ஹான்சன் கண்ணைத் திறக்கவில்லை. டீக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சத்தம் போனில் எனக்கும் கேட்டது," என்றார். "நான்கு வருடம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், நிஷா. பால் பொங்குவது எனக்குத் தெரியாதா?"

நிஷா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்து முள் வெளியே வருகிற சிரிப்பு.

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?" என்றாள்.

"நீ சமோசா கொண்டுவருவதை நிறுத்திவிட்டால்?" என்றார் மிஸஸ் ஹான்சன். பிறகு கண்ணைத் திறந்து, குழந்தை மாதிரி முன்னால் சாய்ந்தார். "ஆனால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அன்று சத்தம் போடாமல் இருந்திருந்தால், எந்தக் கால் என்று சொல்லியிருப்பாய்?"

நிஷா பதில் சொன்னாள்.

மிஸஸ் ஹான்சன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்வர் தலையில் கையை வைத்துக்கொண்டான். நான் என் பேனாவை மூடிவிட்டேன்.

அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. இருப்பதே இரண்டு கால். வாசகரே, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக யோசித்து, பயப்படாமல் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் இந்தக் கதையில் யாரும் சாக மாட்டார்கள்.